நூற்றுப் பதினேழாம் நம்பரின் நாட்கள்

எங்கள் ஊர் அண்டி ஆபீசில் எனக்கென்று நம்பர் கிடையாது. முந்திரி ஆலையை இங்கே எல்லோரும் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே இரண்டு வருஷம் பருப்புக்குத் தோல் உரித்திருக்கிறேன், எல்லாம் அம்மாவின் நம்பரில். அம்மாவின் பெயர் ஞானபாய், நம்பர் நூற்றுப் பதினேழு. கேட்டில் இருக்கும் மெஷினில் அவளுடைய அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும். அட்டையில் உள்ள போட்டோ அம்மாவுக்கு முப்பது வயதில் எடுத்தது. “இது உனக்க அம்மைய விட உனக்குத்தான் பொருத்தம்” என்று வாட்ச்மேன் சிரிப்பார்.

அம்மாவின் வலது கண்ணில் முதலில் புரை விழுந்தது. பிறகு இடது கண்ணும் மங்கத் தொடங்கியது. தோல் உரிப்பது கண்ணால் செய்கிற வேலை. பருப்பின் இடுக்கில் ஒட்டியிருக்கும் சிவப்புத் தோலை, பருப்பு உடையாமல், கத்தி நுனியால் எடுக்க வேண்டும். தோல் மிச்சமிருந்தால் சூப்பர்வைசர் ஸ்டெனி சார் தட்டோடு திருப்பிக் கொட்டிவிடுவார். அம்மா விரலால் தடவித் தடவியே சமாளித்தாள். வெயில் விழும் ஜன்னலோரம் இடம் பிடித்தாள். மேகம் மூடிய நாட்களில் என்னை அனுப்பினாள்.

“கண்ணு தெரியேல்லன்னு ஆருகிட்டயும் சொல்லிராத மக்களே. சொன்னா அன்னைக்கே பேர வெட்டிப்போடுவாவ.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. பேசுவது எனக்கு எப்போதுமே கஷ்டம். பிளஸ் ஒன்னில் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தும் வாய் வராது. அம்மாவின் கண்ணைக் காரணம் சொல்லிப் பள்ளிக்கூடத்தை விட்டபோது பாதி நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா சொன்னதை நான் காப்பாற்றினேன். சொல்லவில்லை, எழுதினேன். அவ்வளவுதான்.

இன்னொருத்தியின் அட்டையில் வேலைக்குப் போவது எங்கள் ஆபீசில் களவு இல்லை. தோல் உரிக்கிற எழுபத்து நான்கு பேரில் பாதிக்கு மேல் அப்படிச் செய்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் மகளோ நாத்தனாரோ அட்டையோடு வந்து அவள் இடத்தில் உட்காருவாள். லோடு போக வேண்டிய வாரங்களில் ஸ்டெனி சாரே காலை ஆறரைக்கு வீடு வீடாகப் போன் பண்ணுவார். “மாமி, உங்களுக்கு ஏலாதுன்னா பிள்ளய அனுப்புங்க. தட்டு சும்மா கெடக்கப்பிடாது.” அம்மா போனை என் காதில் வைப்பாள். நான் “ம்” என்பேன்.

அந்த “ம்” வரைக்கும் ஒரு நோட்டில் எழுதியிருந்தேன். தேதி, கேட் திறந்ததா அடைத்ததா, ஏன் அடைத்தார்கள், யார் வந்தார்கள், யாருக்குப் பதில் யார் வந்தார்கள், என்ன பேசிச் சிரித்தார்கள், யார் கக்கூசுக்குப் பின்னால் போய் அழுதார்கள். நான் போகாத நாட்களில் அம்மா வந்து சொன்னதை எழுதுவேன். எழுதி முடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைப்பேன். அப்படி ஒரு நோட்டு இருக்கிறது என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பெமிலா.

பெமிலாவும் நானும் ஒரே வகுப்பு, ஒரே சபை, பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்து இடம். அவள் பிளஸ் டூ முடித்து, மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் படித்து, ஜூன் மாதம் எங்கள் அண்டி ஆபீசிலேயே கிளார்க் வேலைக்கு வந்தாள். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் குமாரதாஸ் சாருக்கு எதிரே அவளுக்கு மேஜை. நான் தரையில் தட்டோடு இருப்பேன். அவள் அந்தப் பக்கம் நடக்கும்போது என் தோளில் ஒரு இடி இடித்துவிட்டுப் போவாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

டிசம்பரில் ஆய்வாளர் ஒருவர் வந்தார். எல்லாப் பதிவேடுகளையும் பார்த்துவிட்டு, சம்பளத்தோடு கூடிய லீவு யாருக்கு எத்தனை நாள் என்று ஒரு பட்டியல்கூட இந்த ஆபீசில் இல்லையே என்று கேட்டாராம். ஜனவரி பதினைந்துக்குள் பட்டியல் போர்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெமிலா என் வீட்டுக்கு வந்தாள். பையில் மஸ்டரின், அதாவது வருகைப் பதிவேட்டின், நகலும் ஒரு சின்னச் சட்டப் புத்தகமும் இருந்தன.

“ஏட்டி, என்ன காப்பாத்து. எனக்கு இதுல ஒரு எளவும் புரியேல்ல. சார் என்கிட்ட, நீ கம்ப்யூட்டர் படிச்சவதானேன்னு கேக்காவ. கம்ப்யூட்டர்ல ஆரு லீவு படிச்சா?”

“நீ வாசி. நான் கேக்கேன்” என்றேன். அவளிடம் மட்டும் எனக்கு வாய் வரும்.

அவள் வாசிக்க வாசிக்க நான் எழுதிக்கொண்டேன். விதி கஷ்டமானது இல்லை. ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவருக்கு அடுத்த வருஷம் சம்பளத்தோடு லீவு உண்டு. எத்தனை நாள் என்றால், வேலை செய்த ஒவ்வொரு இருபது நாளுக்கும் ஒரு நாள். மிச்சம் வருவது அரை நாளோ அதற்கு மேலோ என்றால் அதை ஒரு நாளாக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் விட்டுவிட வேண்டும். மாதச் சம்பளக்காரர், நாள் கூலிக்காரர், எங்களைப் போல எடைக்குக் கூலி வாங்குகிறவர் எல்லோருக்கும் இதே கணக்குத்தான்.

“அப்ப நாங்களுமா?” என்று கேட்டேன்.

“பின்ன? நீங்க மனுஷர் இல்லியா?” என்று சொல்லி என் தலையில் தட்டினாள்.

பருப்பு காயவைக்கும் அறையைப் போர்மா என்பார்கள். போர்மாவில் வேலை செய்யும் ஷிஜின் ஜூலை மூன்றாம் தேதிதான் சேர்ந்தவன். நடுவில் சேர்ந்தவருக்கு, அந்த வருஷத்தில் மிச்சமிருந்த நாட்களில் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்திருந்தால் போதும். மிச்சம் நூற்று எண்பத்திரண்டு. அதில் மூன்றில் இரண்டு நூற்றிருபத்தொன்றும் கொஞ்சமும். அவன் நூற்றிருபத்தாறு நாள் வந்திருந்தான். ஆறு நாள் லீவு.

“அவனுக்கு ஆறு நாள் குடுத்தா ஆறு நாளும் கடல்ல கெடப்பான்” என்றாள் பெமிலா. “எனக்குப் பாரு, எனக்குப் பாரு.”

அவள் சேர்ந்தது ஜூன் ஐந்து. மிச்சம் இருநூற்றுப் பத்து நாள், மூன்றில் இரண்டு நூற்று நாற்பது. அவள் வந்தது நூற்று அறுபத்து மூன்று. எட்டு நாள் என்று சொன்னதும் என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

தோல் உரிக்கிறவர்களின் பக்கம் வந்தபோதுதான் இடித்தது. எழுபத்து நான்கு பேரில் ஒன்பது பேர்தான் இருநூற்று நாற்பதைத் தாண்டினார்கள். அம்மாவின் நம்பரில் இருநூற்றுப் பதினேழு. இருபத்து மூன்று நாள் குறைவு.

நான் புத்தகத்தை வாங்கி நானே வாசித்தேன். அதே பிரிவில் கொஞ்சம் கீழே இருந்தது. வேலை கொடுக்க முடியாமல் ஆலையே நிறுத்திவைத்த நாட்களை அந்த இருநூற்று நாற்பதில் சேர்க்க வேண்டும். லீவு எத்தனை நாள் என்று வகுக்கும்போது மட்டும் அவற்றை எடுத்துவிட வேண்டும். எங்களுக்குத் தோட்டண்டி, அதாவது ஓடு உடைக்காத முந்திரி, தூத்துக்குடிக்குக் கப்பலில் வர வேண்டும். வராவிட்டால் கேட் அடைத்துவிடுவார்கள். போன வருஷம் எத்தனை நாள் அப்படி அடைத்தார்கள் என்று மஸ்டரில் இல்லை. அந்த நாட்களுக்கு நேரே வெறும் கோடுதான் இருந்தது. கல்யாண நாளுக்கும் அதே கோடு, கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அதே கோடு.

“உனக்க நோட்டுல காணுமே?” என்றாள் பெமிலா.

அரிசி டப்பாவைத் தூக்கி நோட்டை எடுத்தேன். அவள் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினேன். தோட்டண்டி இல்லாமல் கேட் அடைத்தது முப்பத்து நான்கு நாள். இருநூற்றுப் பதினேழோடு முப்பத்து நான்கு சேர்த்தால் இருநூற்று ஐம்பத்தொன்று. இருநூற்றுப் பதினேழை இருபதால் வகுத்தால் பத்துப் புள்ளி எட்டு ஐந்து. பதினொரு நாள்.

அடுப்படியில் இருந்து அம்மா கேட்டாள். “பதினொண்ணா?”

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இலவசமாகவே செய்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் இரண்டு வாரம் தூசியும் புகையும் படக்கூடாது. இரண்டு வாரம் அம்மா போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். என்னை அனுப்பலாம், ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. ஒரு வருஷமாக அது அப்படியே நின்றது. நான் காலண்டரை எடுத்தேன். ஜனவரி இருபத்திரண்டு திங்கள். அதிலிருந்து பதினொரு நாள் எடுத்தால், நடுவில் குடியரசு தினம் வருகிறது, ஞாயிறுகள் வருகின்றன. எல்லாம் சேர்த்துப் பதினான்கு நாள். அம்மா ஈரக் கையோடு வந்து காலண்டரைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

இந்த முப்பத்து நான்கு நாளைச் சேர்த்தபோது எழுபத்து நான்கு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் தாண்டினார்கள்.

“நோட்ட ஒரு நாளைக்குத் தா” என்றாள் பெமிலா. “அந்த முப்பத்து நாலு தேதியும் நான் பாத்து டைப் அடிக்கணும். சார் கேட்டா ஆதாரம் வேணும்லா.”

“தேதி நான் எழுதித் தாறேன்.”

“நீ எழுதித் தந்தா, இது நேத்து எழுதினதுன்னு சொல்லுவாவ. ஏட்டி, நான் வேற ஒரு பக்கமும் வாசிக்க மாட்டேன். ஆண்டவரறிய.”

கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் பாட்டு பழகும்போது திருப்பிக் கொடுத்தாள். ஒரு பக்கமும் மடங்கவில்லை. உள்ளே ஒரு மிட்டாய் வைத்திருந்தாள்.

ஜனவரி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, பட்டியலை ஒட்டினார்கள். அன்று காலையில் மேகம் மூடியிருந்ததால் நான்தான் போயிருந்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் விரல் வைத்துக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ஆபீஸ் ஊழியர்கள், போர்மா, பேக்கிங் எல்லாம் நான் எழுதின எண்கள்தான். ஷிஜினுக்கு ஆறு. பெமிலாவுக்கு எட்டு. தோல் உரிப்பில் ஐம்பத்தெட்டு இல்லை, பதினான்கு பெயர்தான். நூற்றுப் பதினேழு அதில் இல்லை.

அன்னக்கிளி அக்காவும் இல்லை. அவள் எங்கள் வரிசையில் எல்லோரையும் விட வேகமாக உரிக்கிறவள், இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறவள். வாயும் அப்படித்தான். நேரே கண்ணாடி அறைக்குப் போனாள். நாங்கள் வாசலில் நின்றோம்.

“சாரே, எனக்கு எத்தர நாளு? நான் மழைக்கும் வந்தவ, வெயிலுக்கும் வந்தவ.”

குமாரதாஸ் சார் கோபப்படவில்லை. சிரித்தார். “உனக்கு இருநூத்தி முப்பத்திரண்டு. எட்டு நாளு கொறவு.”

“கேட் அடைச்சதக் கூட்டினீங்களா?”

“கூட்டியாச்சு. அதையும் சேத்துத்தான் இந்த இருநூத்தி முப்பத்திரண்டு. நீ வராத நாளக் கழிச்சாச்சு.”

“நான் வராத நாளா?”

“இருபத்து மூணு நாளு உனக்க அட்டையில வேற ஆளு வந்திருக்கு. அது உனக்க வேல இல்ல. சட்டப்படி அது தப்பு. நான் போலீசுக்குப் போகல்ல, அதுக்குச் சந்தோசப்படு.”

“ஆரு சொன்னா?”

அவர் டிராயரைத் திறந்து ஒரு கட்டு நகல் தாளை எடுத்தார். மேலே இருந்ததைப் படிக்கத் தொடங்கினார். நிதானமாக, நல்ல சத்தமாக.

“மார்ச் பதினாலு. அன்னக்கிளி அக்காவுக்குப் பதில் இன்று அவர் நாத்தனார் வந்தார். அக்காவுக்குக் காய்ச்சல் என்று எல்லாரிடமும் சொன்னார்கள். காய்ச்சல் இல்லை. மகன் அடித்து முகம் வீங்கியிருக்கிறது.”

தொலைவில் அண்டி உடைக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அன்னக்கிளி அக்கா கையை நீட்டினாள். அவர் தாளைக் கொடுத்தார். அவள் வார்த்தைகளை அல்ல, கையெழுத்தைப் பார்த்தாள். எங்கள் வரிசையில் யாருக்காவது கடிதமோ மனுவோ எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். என் கையெழுத்து அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா திரும்பினாள். கூட்டம் தானாக விலகியது. நான் தனியாக நின்றேன்.

“நீயா?” என்றாள்.

நான் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன்.

“எங்க கூட இருந்து, எங்க தட்டுலேருந்து மீன் எடுத்துத் தின்னு, வீட்டுக்குப் போயி எங்கள எழுதுனியா? ஒரு வார்த்த பேசாதவன்னு நெனச்சேனே. ஊமையில்ல, நீ ஒற்றுக்காரி.”

கண்ணாடிக்கு உள்ளே பெமிலா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசைப்பலகையில் அவள் விரல்கள் இருந்தன, ஆனால் அடிக்கவில்லை.

மத்தியானம் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் பெமிலாவைப் பிடித்தேன்.

“நீ வாசிக்க மாட்டேன்னு சொன்ன.”

“நான் வாசிக்கேல்ல ஏட்டி. அந்த முப்பத்து நாலு தேதிப் பக்கத்தத்தான் போட்டோ எடுத்தேன். சார்தான் எனக்க போன வாங்கி, பெரிசாக்கிப் பாத்தாவ. பின்ன எல்லாப் பக்கமும் எடுத்துட்டு வான்னு சொன்னாவ.”

“எப்ப சொன்னாவ?”

“அன்னைக்கே மத்தியானம்” என்றாள். ஒரு நாள்தான் என் நோட்டு அவளிடம் இருந்தது. அந்த ஒரு நாளில் காலையில் ஒரு முறையும் மத்தியானம் ஒரு முறையும் எடுத்திருக்கிறாள். முன்னூற்றுச் சொச்சம் பக்கம்.

“ஸ்டெனி சார் போன் பண்ணி ஆளனுப்பச் சொன்னதும் எழுதியிருந்தேனே. அவரு கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் மேல அதுதானே இருக்கு. அந்தத் தாள்ல ஏன் இல்ல?”

“மேல கொஞ்சம் வெட்டித்தான் எடுக்கச் சொன்னாவ.”

“நீ வெட்டுனியா?”

“நான் என்ன பொய்யா எழுதிச் சேத்தேன்? நீ எழுதினதுதானே? உள்ளதத்தானே எழுதின?” அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. “எனக்கும் வேல வேணும் பூங்கனி. உனக்கு அம்ம உண்டு, அம்மைக்க நம்பரு உண்டு. எனக்கு இது போனா என்ன உண்டு?”

அவள் போகும்போது திரும்பி நின்று சொன்னாள். “நாளைக்கு உனக்க அம்மைய வரச்சொன்னாவ. ஒரு கையெழுத்துதான். நான் பாத்துக்கிடுகேன்.”

மறுநாள் அம்மாவோடு நானும் போனேன். வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. “உனக்க அட்ட எங்க?” என்று கேட்டார், சிரிக்காமல். நான் வெளியே கண்ணாடி அறையின் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அங்கே கொட்டியிருந்த முந்திரி ஓட்டின் மேல் கால் வழுக்கியது.

குமாரதாஸ் சார் உள்ளே அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருஷத்தில் அம்மா அந்த அறையில் உட்கார்ந்தது அன்றுதான்.

“ஞானபாய், உங்கள வேலயவிட்டு அனுப்ப எனக்கு மனசில்ல. ஆனா எண்பத்தொம்பது நாளு உங்களுக்க அட்டையில வேற ஆளு. உங்க சொந்த நாளு நூத்தி இருபத்தெட்டு, கேட் அடைச்சதோட நூத்தி அறுபத்திரண்டு. லீவுக்கு இடமில்ல. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. பழைய நம்பர் முடிஞ்சது. இன்னைக்கே புது நம்பர்ல எடுத்துக்கிடுகேன்.”

“புது நம்பருக்கு லீவு உண்டுமா சாரே?” என்று அம்மா கேட்டாள்.

“இந்த வருசம் வேல செஞ்சா, அடுத்த வருசம் உண்டு.”

அம்மா தாளை விரலால் தடவினாள். பிறகு “பெமி, இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

பெமிலா எழுந்து வந்து தாளை எடுத்தாள். எனக்கு ஜன்னலுக்கு வெளியே அவள் குரல் தெளிவாகக் கேட்டது. “சார் சொன்னதுதான் மாமி. புது நம்பர்ல சேருக பேப்பர்.”

அம்மாவுக்குக் கொடுத்த அந்தத் தாளின் நகல் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில், நிர்வாகத்துக்குத் தெரியாமல் நான் வேறு ஆளை என் பெயரில் அனுப்பி ஏமாற்றினேன் என்றும், என் சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன் என்றும், எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. புது நம்பர் என்ற வார்த்தையே அதில் இல்லை.

அம்மா தாளின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு இடம் தேடினாள். பேனா மேஜைவரை போய் வந்தது. குமாரதாஸ் சார் அதைப் பார்த்தார். அம்மாவுக்குக் கண் எவ்வளவு தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது என்று நினைக்கிறேன். பெமிலா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, சரியான கோட்டின் மேல் கொண்டு வைத்தாள். “இங்க போடுங்க மாமி.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து, “போடாதம்மா” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. அம்மா நிமிர்ந்து, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கையெழுத்தின் கடைசி எழுத்து நீளமாக இழுபட்டது. ஆனால் போட்டு முடிந்திருந்தது.

புது நம்பர் இருநூற்று மூன்று. அந்த அட்டையோடு அம்மா ஐந்து நாள் போனாள். ஆறாம் நாள் தட்டைத் திருப்பிக் கொட்டிவிட்டு ஸ்டெனி சார் எல்லோருக்கும் கேட்கும்படி, “மாமிக்குக் கண்ணு தெரியாதாம். அதும் நோட்டுல எழுதியிருக்கு” என்றாராம். அம்மா கத்தியைத் தட்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்னக்கிளி அக்கா சொன்னதாக அடுத்த வீட்டில் பேசிக்கொண்டதைத்தான் நான் கேட்டேன்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதியே ஆபரேஷன் நடந்தது. லீவு கேட்க வேண்டிய இடமே இல்லாமல் போய்விட்டதால் தேதியை மாற்றவும் வேண்டியிருக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு அம்மா வீட்டில் இருந்தாள். நான் சொட்டு மருந்து விட்டேன். பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடியைக் கழற்றி, சுவரில் எழுத்துகளைக் காட்டினார்கள். அம்மா கடைசி வரிவரைக்கும் வாசித்தாள். டாக்டர் கைதட்டினார். பஸ்ஸில் வரும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே வந்தாள், மெதுவான குரலில், நகைக்கடை, லாட்ஜ், செருப்புக்கடை என்று. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “அந்த நோட்ட எடு” என்றாள்.

“இப்ப கண்ணுக்கு வேண்டாம்மா.”

“எடு.”

பின் வாசலில் வெளிச்சத்துக்கு நேரே உட்கார்ந்து வாசித்தாள். நான் அடுப்படியில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். கஞ்சி அடிப்பிடித்தது. தாள் புரளும் சத்தத்தைக் கொண்டு அவள் எங்கே இருக்கிறாள் என்று கணக்குப் பார்த்தேன். ஜூன் மாதத்தில் நின்றாள். ஜூனில்தான் அது இருக்கிறது: “அம்மாவுக்கு வலது கண் சுத்தமாகத் தெரியவில்லை. குழம்பில் உப்புக்குப் பதில் சோடா உப்பைப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். அவள் நம்பினாள்.”

வெகுநேரம் கழித்து அம்மா கூப்பிட்டாள்.

“எனக்குத் தெரியும், அது சோடா உப்புன்னு. நீ தின்னுட்டு நல்லாருக்குன்னு சொன்னியா, அதனால நானும் பேசாம இருந்தேன்.”

நான் நிலைப்படியில் நின்றேன்.

“பெமிலா என்ன ஏமாத்தினா. அவ வேற ஆருக்கோ பிள்ள. நான் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன், ஆருக்கும் தெரியப்பிடாதுன்னு. நீ சொல்லேல்ல. எழுதி வச்சிருக்க. தேதி போட்டு, நேரம் போட்டு.” அவள் குரல் உயரவில்லை. “எனக்குக் கண்ணு தெரியாம இருந்தப்ப, எனக்க பக்கத்துல இருந்து நீ என்னப் பாத்துக்கிட்டே இருந்திருக்க.”

“அம்மா…”

“பேசாத. எப்பளும் பேசாதவதானே.”

பிறகு அவள் நோட்டைத் திருப்பி, ஒரு பக்கத்தின் மேல் வரியில் விரல் வைத்தாள். “ஆனா ஸ்டெனி போன் பண்ணின ஒவ்வொரு நாளையும் இதுல எழுதியிருக்க. அவனேதான் ஆள அனுப்பச் சொன்னான். நிர்வாகத்துக்குத் தெரியாமன்னு எனக்கிட்ட எழுதி வாங்கினது பொய்னு இதுல இருக்கு. அன்னக்கிளிக்கு எட்டு நாளுதானே கொறவு? இதக் கொண்டு போயி அந்த ஆய்வாளர்கிட்ட காட்டினா அவளுக்குக் கெடைக்கும். விட்டுப்போன எல்லாருக்கும் கெடைக்கும். எனக்கு முடிஞ்சு போச்சு, அவியளுக்கு முடியேல்ல.”

“நான் போறேன்.”

“நீ போகப்பிடாது. இது உனக்க நோட்டு மட்டும் இல்ல. அன்னக்கிளிக்க மகன் அடிச்சது இதுல ஒரு நாளுதான்னு நெனச்சியா? எட்டு இடத்துல இருக்கு. எண்ணியாச்சு. ஆபீசர் கையில இது போனா எட்டையும் வாசிப்பாவ. அவ சம்மதிக்காம இது எங்கயும் போகாது. அவகிட்ட கொண்டு போயி அவள எழுதினதெல்லாம் நீயே வாசிச்சுக் காட்டு. பின்ன அவ சொல்லட்டும், குடுக்கவா, எரிக்கவான்னு.”

அன்னக்கிளி அக்காவின் வீடு பாசனக் குளத்துக்கு அந்தப் பக்கம். சனிக்கிழமை பாதி நாள் வேலை. இரண்டு மணிக்குப் போனேன். அவள் வாசலில் நின்று துவைத்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நெற்றியில் நாமம் வியர்வையில் கலைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பிழிவதை நிறுத்தவில்லை.

“என்ன, எழுத வந்தியா?”

“வாசிக்க வந்தேன்க்கா.”

அம்மா சொன்னதை, ஸ்டெனி சாரின் போன்களை, ஆய்வாளரை, எட்டு இடங்களை, எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் இரண்டு முறை நின்றுபோனேன். அவள் உதவவில்லை. சேலையைக் கொடியில் விரித்துப் போட்டாள், ஓரங்களை இழுத்துவிட்டாள், பிறகு வந்து படியில் உட்கார்ந்தாள். நானும் உட்காரப் போனேன்.

“உக்காராத. நின்னு வாசி.”

நோட்டைத் திறந்தேன். மார்ச் பதினான்கு என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“சத்தமா வாசி” என்றாள் அக்கா. “அன்னைக்கு அந்தாளு சத்தமாத்தானே வாசிச்சான்.”

பக்கத்து வீட்டில் ஒரு கதவு திறந்தது. நான் சத்தமாக வாசித்தேன்.